பனிக்கட்டியில் போன ஒன்பது முட்டைகள்

வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணி இருக்கும். அடுத்த பண்ணைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஆய்வகத்திலிருந்து போன்.

"டாக், பெட்டி பத்திரமாக வந்துவிட்டது. ஆனால் உள்ளே ஐஸ் பேக் இருக்கிறதே?"

பிக்கப்பை ஓரங்கட்டினேன். வாயில் வார்த்தை வரவில்லை. முந்தின நாள் மதியம் ஒரு கிழட்டுப் பெட்டைக் குதிரையின் பின்னால் நின்று, தோள்பட்டை கழன்று விழுந்துவிடுமோ என்கிற அளவுக்குப் போராடி எடுத்த 9 கருமுட்டைகள் இரவு முழுக்கக் குளிரில் பயணம் செய்திருக்கின்றன.

பெட்டியைக் கட்டியவன் அந்த வாரம்தான் என்னிடம் வேலைக்குச் சேர்ந்த பையன். அதற்கு முன் மூன்று வருடம் ஒரு பொலிக்குதிரைப் பண்ணையில் விந்து சேகரித்து அனுப்பும் வேலை பார்த்தவன். குதிரை விந்தை உறைய வைக்காமல் அனுப்பும்போது 5 டிகிரிக்குக் குளிர்வித்துத்தான் அனுப்புவார்கள். அதே மாதிரிப் பெட்டி, அதே கூரியர். கை பழகிய வேலையை அவன் பிசகில்லாமல் செய்திருக்கிறான். முட்டைக்கு அந்தக் குளிர் ஆகாது என்று சொல்லியிருக்க வேண்டியவன் நான். குதிரைக்கு மருந்து தெளிவதைப் பார்த்துக்கொண்டு நின்றவன், "பேக் பண்ணிடு" என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

இந்தத் தொழிலைப் பற்றித் தமிழில் யாரும் விரிவாக எழுதி நான் படித்ததில்லை. ஜூனியர்கள் அவ்வப்போது போனில் கேட்கிறார்கள். அவர்களுக்காகவும், குதிரைக்கும் கருமுட்டை எடுப்பார்களா என்று வியக்கிற மற்றவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

நான் படித்தது வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில். இப்போது இருப்பது டெக்ஸாஸில். ஃபோர்ட் வொர்த்துக்கு மேற்கே வெதர்ஃபோர்டைச் சுற்றியுள்ள பண்ணைகள்தான் என் வட்டாரம். மந்தையிலிருந்து ஒரு மாட்டைப் பிரித்து, அது திரும்பிப் போகாமல் மறித்து ஆடும் 'கட்டிங்' போட்டிக்கு இந்த ஊர் பேர்போனது. அந்தக் குதிரைகளின் உலகத் தலைநகரம் என்றே தன்னைச் சொல்லிக்கொள்கிறது. நல்ல பெட்டை ஒன்று போட்டியில் ஜெயித்துக்கொண்டிருக்கும்போது அதைச் சினைப்படுத்திப் பதினோரு மாதம் வீட்டில் நிறுத்த எந்த முதலாளிக்கும் மனசு வராது. ஓய்வு பெற்ற பிறகு சினைப்படுத்தலாம் என்றால், அதற்குள் வயதாகிக் கருப்பை கெட்டுப்போயிருக்கும். ஆகவே முட்டையை மட்டும் வெளியே எடுத்து, ஆய்வகத்தில் கருவாக்கி, வேறொரு வாடகைத் தாய்க் குதிரையில் வைத்துவிடுகிறார்கள். இங்குள்ள குவார்ட்டர் ஹார்ஸ் இனப் பதிவேட்டில் ஒரே தாயின் பல குட்டிகளை ஒரே ஆண்டில் பதியலாம் என்பதால் இதற்கு நல்ல கிராக்கி.

மனிதர்களுக்குச் செய்வதுபோல் தட்டில் முட்டையையும் விந்தையும் சேர்த்து வைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். குதிரையில் அது நெடுங்காலம் கைகூடவில்லை. 1990-களின் தொடக்கத்தில் பிரான்சில் அப்படிக் குட்டி பிறந்தது உண்டு. ஆனால் அதைத் திரும்பத் திரும்பச் செய்ய யாராலும் முடியவில்லை. குதிரையின் விந்தணு தட்டில் இருக்கும் முட்டையின் ஓட்டைத் துளைத்து உள்ளே போக மறுத்தது. 1996-இல் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில், ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தும் இக்ஸி முறையில் குட்டி பிறந்தது. இன்றைக்குத் தொழிலே அதன்மேல்தான் நிற்கிறது. முட்டைக்கு ஒரு விந்தணு போதும் என்பதால், எப்போதோ செத்துப்போன பொலிக்குதிரையின் உறைவிந்துக் குழல் ஒன்று மிச்சமிருந்தால் அதைத் துண்டு துண்டாக வெட்டிப் பல முறை பயன்படுத்துகிறார்கள். 2022-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் குழு, விந்தணுக்களை முன்கூட்டியே நெடுநேரம் ஊடகம் எனப்படும் தனிக் கரைசலில் ஊறவைத்தால் அவை தாமாகவே முட்டைக்குள் போகின்றன என்று காட்டிக் குட்டிகளையும் பிறக்க வைத்தது. அது பரவலாகும்போது ஆகட்டும். எந்த வழியாக இருந்தாலும் முட்டையை எடுக்க யாராவது ஒருவர் குதிரையின் பின்னால் நின்றாக வேண்டும்.

வேப்பேரியில் மாட்டுக்குக் கை விட்டுப் பழகியவன் நான். மலக்குடல் வழியாகக் கருப்பையையும் சினைப்பையையும் தடவிப் பார்ப்பதைத்தான் எங்கள் தொழிலில் 'கை விடுவது' என்போம். அந்தப் பழக்கம் குதிரையில் பாதி உதவியது, பாதி கெடுத்தது.

கெடுத்ததை முதலில் சொல்கிறேன். மாட்டின் சினைப்பையில் ஊசியைக் குத்தி, முட்டை இருக்கும் நீர்க்குமிழியான ஃபாலிக்கிளின் நீரை உறிஞ்சினால், பெரும்பாலும் முட்டையும் கூடவே வந்துவிடும். பழுத்த நாவல்பழம் போல, கிளையை உலுக்கினால் உதிரும். குதிரை முட்டை பலாச்சுளை. அதைச் சுற்றியுள்ள செல்கள் அகலமான அடித்தளத்தோடு ஃபாலிக்கிளின் சுவருக்குள் வேர்விட்டு உட்கார்ந்திருக்கும். நீரை உறிஞ்சிவிட்டால் சுவர் சுருங்கி மடிந்து, முட்டை அந்த மடிப்புக்குள் பதுங்கிக்கொள்ளும். அதனால் இரட்டைத் துளை ஊசி தேவை. ஒரு துளை வழியாகக் கழுவுநீர் உள்ளே போகும், மறு துளை வழியாக வெளியே வரும். நாங்கள் பயன்படுத்துவது 12 கேஜ் ஊசி. ஒவ்வொரு ஃபாலிக்கிளையும் நிரப்பி, உறிஞ்சி, மீண்டும் நிரப்ப வேண்டும். நிரப்பும்போது ஊசியைத் திருகிச் சுவரை மெல்லச் சுரண்ட வேண்டும். கூடவே சினைப்பையைப் பிடித்திருக்கும் விரல்களால் ஃபாலிக்கிளைத் தட்டி உலுக்க வேண்டும்.

எத்தனை முறை? ஆரம்பத்தில் மூன்று, நான்கு முறையோடு நிறுத்திவிடுவேன். திரையில் ஃபாலிக்கிள் சுருங்கிவிட்டது, வந்திருக்கும் என்று அடுத்ததற்குத் தாவிவிடுவேன். 14 ஃபாலிக்கிள் குத்தினால் 4 முட்டை தேறும். குதிரை சரியில்லை, வயசாகிவிட்டது என்று மனதுக்குள் சமாதானம். பிறகு அனுபவசாலி ஒருவரின் பக்கத்தில் ஒரு நாள் நின்று பார்த்தேன். அவர் வாய்விட்டு எண்ணினார். ஒன்று, இரண்டு என்று எட்டு வரை. எட்டு முடியாமல் ஊசியை நகர்த்தவே இல்லை. அவருக்கு அன்று பாதிக்குமேல் தேறியது. அதிலிருந்து நானும் சத்தமாகத்தான் எண்ணுகிறேன். களைத்த கை பொய் சொல்லும். ஆறாவது முறையை எட்டாவது என்று நம்ப வைக்கும். உதவிக்கு நிற்பவர் காதில் விழும்படி எண்ணினால் ஏமாற்ற முடியாது.

முட்டையை நிறையப் பழுக்க வைக்க ஹார்மோன் ஊசி போடலாமே என்று மாட்டுக்காரர்கள் கேட்பார்கள். குதிரை அதற்குப் பெரிதாக மசியாது. இருக்கிற ஃபாலிக்கிளில் இருப்பதை எடுக்க வேண்டியதுதான். அதில் ஒரு வசதியும் இருக்கிறது. நாம் எடுப்பது பழுக்காத முட்டை என்பதால் சினைப்பருவத்தைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டாம். பருவமில்லாத காலத்திலும் எடுக்கலாம். குளிர்காலம் முடிந்து பருவம் திரும்பும் வாரங்களில் சினைப்பை முழுக்கச் சின்னச் சின்ன ஃபாலிக்கிள்கள் நிரம்பியிருக்கும். எனக்குப் பிடித்த வேளை அதுதான். அதே குதிரையிடம் இரண்டு வாரம் கழித்து மறுபடியும் எடுக்கலாம்.

பண்ணையில் இறங்கியதும் நான் முதலில் பார்ப்பது குதிரையை அல்ல, இடத்தை. குதிரையை அசையாமல் நிறுத்தும் கம்பிக் கூண்டான டிரெவிஸ் இருக்கிறதா, அதன் பின்கதவு கெட்டியா, தரை வழுக்குமா, மின்சாரம் நிற்குமா, காற்றுக்குப் புழுதி எந்தப் பக்கம் அடிக்கிறது, முட்டை தேடுவதற்குக் கதவு மூடக்கூடிய அறை ஒன்று உண்டா. இதில் ஏதாவது இல்லையென்றால் குதிரையை ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்கு வரச் சொல்லிவிடுவேன். முன்பு வெட்கப்பட்டுச் சமாளிப்பேன். ஒருமுறை கொட்டகையின் மின்சாரம் பாதியில் போய், ஸ்கேன் திரை இருண்டு, ஊசி உள்ளே இருக்க, கை உள்ளே இருக்க, இருட்டில் நின்றேன். அந்த அரை நிமிடத்தோடு வெட்கம் போய்விட்டது.

வேலைக்கு மூன்று பேர் வேண்டும். என் வலது கை மலக்குடலுக்குள் சினைப்பையைப் பிடித்திருக்கும். இடது கையில் ஸ்கேன் புரோபின் பிடி. புரோபை யோனி வழியாகக் கருப்பை வாயின் பக்கவாட்டில் கொண்டுபோய் நிறுத்தி, சினைப்பையை இழுத்து வந்து அதன் முகத்தில் அழுத்திப் பிடிக்க வேண்டும். இரண்டாமவர் புரோபின் உள்ளே ஓடும் ஊசியை நகர்த்துவார். ஊசி யோனிச் சுவரைத் துளைத்துச் சினைப்பைக்குள் போகும். மூன்றாமவர் பம்ப், பாட்டில், கழுவுநீர். குதிரையின் தலைப்பக்கம் நிற்க நாலாவதாக ஓர் ஆள் கிடைத்தால் புண்ணியம். முதலாளியையே நிற்க வைத்தால் அவர் திரையைப் பார்த்துக் கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுவார்.

மருந்து விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அளவு குதிரைக்குக் குதிரை மாறும் என்பதால். டெட்டோமிடின், பியூட்டார்ஃபனால் கொடுத்தால் நின்றபடியே தலையைத் தொங்கப்போட்டுக்கொள்ளும். குடல் முறுக்காமல் தளர்வதற்குப் பஸ்கோபான். நாம் வயிற்றுவலிக்கு விழுங்கும் அதே மருந்துதான், இங்கே நரம்பில் போடுகிறோம். மலக்குடலுக்குள் லிடோகெய்ன். வலிக்கும் வீக்கத்துக்கும் ஃபுளூனிக்சின், கூடவே ஆன்டிபயாடிக். மூத்திரப்பையைக் குழாய் விட்டுக் காலி செய்துவிட வேண்டும். நிறைந்த மூத்திரப்பை சினைப்பைக்கும் புரோபுக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். லத்தி முழுவதையும் எடுத்துவிட்டு, வாலைக் கட்டி, பின்பக்கத்தைக் கழுவ வேண்டும். அயோடின் கரைசலால் கழுவினால், அதன் சுவடு தெரியாமல் நீர் விட்டு அலச வேண்டும். அயோடின், ஸ்பிரிட், ரப்பர் முனை வைத்த சிரிஞ்ச் எதுவும் முட்டைக்கு நல்லதல்ல. ரப்பர் இல்லாத முழு பிளாஸ்டிக் சிரிஞ்சுகளைத் தனி டப்பாவில் பூட்டி வைத்திருக்கிறேன். இல்லாவிட்டால் அவசரத்தில் யாராவது பென்சிலின் போட எடுத்துக்கொள்வார்கள்.

மாட்டுப் பழக்கம் என்னைக் கெடுத்த இன்னொரு இடம் மலக்குடல். மாட்டில் கொஞ்சம் முரட்டுத்தனம் செல்லும். குதிரையின் மலக்குடல் கிழிந்தால் உயிருக்கே ஆபத்து. குதிரை முக்கினால் கையை எதிர்த்துத் தள்ளக்கூடாது. தளர விட்டு, அலை போகும் வரை காத்திருக்க வேண்டும். ஒன்றரை மணி நேரத்தில் இருபது முறை முக்கினால் இருபது முறையும் காத்திருக்க வேண்டும்.

ஒருமுறை பாதி வேலையில் கையுறையை மாற்ற வெளியே எடுத்தபோது மணிக்கட்டுப் பக்கம் ரத்தக் கீற்று. ஒரு சினைப்பை முடிந்திருந்தது, மற்றதில் ஏழெட்டு நல்ல ஃபாலிக்கிள்கள் பாக்கி. அங்கேயே நிறுத்தினேன். விரலால் மெல்லத் தடவிப் பார்த்ததில் மேல்தோல் மட்டும் உரிந்திருந்தது, ஆழமில்லை. "இன்னும் பத்து நிமிடம்தானே டாக்" என்று முதலாளி முகம் சுளித்தார். பதில் சொல்லாமல் சாமான்களைக் கட்டினேன். குதிரைக்கு மருந்து கொடுத்து, லத்தி இளகலாகப் போகும்படி தீனியை மாற்றி, மூன்று நாள் தினமும் போய்ப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. அந்த முதலாளி பிறகு வேறு டாக்டரிடம் போய்விட்டார். போகட்டும்.

சேகரித்த நீர் ஒன்றரை, இரண்டு லிட்டர் வரும். ரத்தம் கலந்து சிவப்பாக இருக்கும். கழுவுநீரில் ஹெப்பாரின் சேர்ப்பதால் உறையாது, அல்லது உறையக்கூடாது. உறைந்த கட்டி இருந்தால் முட்டை அதற்குள்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த நீரை நுண்வடிகட்டியில் ஊற்றி, மிஞ்சுவதைக் கட்டம் போட்ட தட்டில் விட்டு, நுண்ணோக்கியில் தேட வேண்டும். வடிகட்டியின் அடியில் எப்போதும் ஒரு விரல் அளவாவது நீர் நிற்க வேண்டும். முதல் வருடத்தில் ஒரு குதிரை டிரெவிஸில் சறுக்கி உட்கார, எல்லோரும் அங்கே ஓடினோம். திரும்பி வந்தபோது வடிகட்டி காய்ந்திருந்தது. முட்டைகள் இருந்தன, சுருங்கின திராட்சை மாதிரி. இப்போது வடிகட்டிக்குப் பொறுப்பானவர், கொட்டகையே தீப்பிடித்தாலும் முதலில் அதன் வெளிக்குழாயை அடைத்துவிட்டுத்தான் ஓட வேண்டும் என்பது எங்கள் ஊர்ச்சட்டம்.

முட்டையைக் கண்டுபிடிக்கக் கண் பழக வேண்டும். ஃபாலிக்கிள் சுவரிலிருந்து உரிந்த செல் தகடுகள் தட்டு முழுக்க மிதக்கும். எல்லாமே முட்டை மாதிரித் தோன்றும். நிஜ முட்டை கருமையான ஒரு வட்டம், அதைச் சுற்றி ஒளிரும் மெல்லிய வளையம், அதற்கு வெளியே சட்டைப் பொத்தான் போல இறுகின செல் கூட்டம். குதிரை முட்டையில் கொழுப்பு அதிகம் என்பதால் அந்தக் கருமை. ஒருவர் தேடி முடித்த தட்டை இன்னொருவர் புதிதாகத் தேட வேண்டும். இரண்டாம் பார்வையில் ஒன்று கிடைக்காத நாள் எனக்குக் குறைவு. களைத்துப்போன நான் தேடுவதைவிட, பம்ப் பக்கம் நின்ற பெண் உதவியாளர் தேடினால் நன்றாகக் கிடைக்கிறது. ஒன்றரை மணி நேரம் கையைத் தூக்கி நின்றவனின் விரல் நுண்ணோக்கியில் நடுங்கும்.

இனி அந்த ஐஸ் பெட்டிக்கு வருகிறேன்.

பழுக்காத குதிரை முட்டைக்கு ஒரு நல்ல குணம். அறை வெப்பத்தில், அதாவது 20 டிகிரிக்குக் கொஞ்சம் மேலும் கீழுமாக, தகுந்த ஊடகத்தில் வைத்தால் ஓர் இரவு அப்படியே உறங்கும். மறுநாள் ஆய்வகத்தில் உடல் வெப்பத்துக்குக் கொண்டுபோனால் விழித்துப் பழுக்க ஆரம்பிக்கும். இந்தக் குணம் இல்லாவிட்டால் என்னைப் போலப் பண்ணை பண்ணையாக அலைகிறவர்கள் இந்த வேலையே செய்ய முடியாது. ஆய்வகத்தின் வாசலிலேயே குதிரைகளைக் கட்டிவைக்க வேண்டியிருக்கும். ஆனால் உறங்குகிற முட்டையைக் குளிரில் தள்ளினால் அதன் சவ்வும் உள்கட்டமைப்பும் சிதைகின்றன. சூடாக வைத்தாலோ வழியிலேயே பழுக்க ஆரம்பித்து, ஆய்வகத்தின் கணக்கு தப்பிவிடும். வெடிக்கத் தயாரான பெரிய ஃபாலிக்கிள் இருக்கும்போது குதிரைக்கு ஊசி போட்டுப் பழுக்க வைத்து எடுத்த முட்டை இதற்கு நேர் எதிர். அதை உடல் வெப்பத்திலேயே வைத்துச் சீக்கிரம் கொண்டுசேர்க்க வேண்டும். இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டால் இரண்டில் ஒன்று கெடும்.

டெக்ஸாஸில் ஆகஸ்டில் 40 டிகிரி, ஜனவரியில் சில நாள் உறைநிலை. கொட்டகை வெப்பம் என்பதையும் அறை வெப்பம் என்பதையும் ஒன்றாக நினைத்தால் தீர்ந்தது. இப்போது எங்கள் நடைமுறை இப்படி. குழாய்களை ஊடகத்தால் விளிம்பு வரை நிரப்பி, காற்றுக் குமிழி இல்லாமல் மூடுகிறோம். பெட்டியையும் அதற்குள் வைக்கும் ஜெல் பைகளையும் முந்தின நாளே 22 டிகிரி அறையில் கிடத்திவிடுகிறோம். வெப்பத்தைப் பதியும் சின்னக் கருவி ஒன்றைக் குழாயோடு சேர்த்துக் கட்டுகிறோம். முட்டை எடுத்த நேரத்தைக் குழாயின் மேல் எழுதுகிறோம், பெட்டியின் மேல் அல்ல. வியாழக்கிழமைக்குப் பிறகு முட்டை எடுப்பதில்லை. வெள்ளி இரவு கூரியர் கிடங்கில் மாட்டிக்கொண்ட பெட்டிக்குத் திங்கள் வரை நாதியில்லை. கடைசியாக, மூடும் முன் நான் வெறுங்கையைப் பெட்டிக்குள் விட்டுப் பார்க்கிறேன். கருவி இருக்கும்போது கை எதற்கு என்று கேட்கலாம். உறை ஊற்றும் முன் பாட்டி பாலில் விரல் விட்டுப் பார்ப்பது மாதிரிதான்.

அந்த வியாழக்கிழமை, போனை வைத்ததும் முதலாளி அம்மாவுக்குக் கூப்பிட்டேன். எழுபதைத் தாண்டியவர். கணவர் இருந்த காலத்தில் அவர்கள் வாங்கிய முதல் நல்ல பெட்டை இது. 21 வயது. கருப்பை முழுக்கக் கட்டிகள், தானே சுமக்க வழியில்லை. டெக்ஸாஸில் வயதானவர்களிடம் 'மேம்' போடாமல் பேச முடியாது.

"மேம், முட்டைகளை நாங்கள் கெடுத்துவிட்டோம். தப்பு என் பக்கம்."

நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அடுத்த முறைக்கு என் கூலி வேண்டாம் என்றும் சொன்னேன். நெடுநேரம் சத்தமில்லை. பிறகு, "பையனைத் திட்டினாயா?" என்றார்.

"இல்லை மேம்."

"திட்டாதே. அடுத்தது எப்போது?"

ஆய்வகம் அந்த ஒன்பதையும் வளர்த்துப் பார்த்தது. இரண்டு பழுத்தன. இரண்டும் கருவாகவில்லை.

முதலாளிகளிடம் எண்ணிக்கையைப் பேசுவது எப்படி என்பதை அந்தக் குதிரைதான் எனக்குக் கற்றுக்கொடுத்தது. முன்பெல்லாம், "14 ஃபாலிக்கிள் இருக்கிறது!" என்று திரையைக் காட்டுவேன். அவர்கள் மனதில் பதினாலு குட்டிகள் துள்ளும். இப்போது ஒரு தாளில் மேலிருந்து கீழே எழுதிக் காட்டுகிறேன். 14 ஃபாலிக்கிளில் 8 முட்டை கிடைத்தால் நல்ல நாள். அதில் 5 பழுக்கலாம். ஐந்துக்கும் இக்ஸி செய்தால் ஒன்று கருவாகி ஏழிலிருந்து பத்து நாளில் மாற்றத்தக்க நிலைக்கு வரலாம். இரண்டு வந்தால் அதிர்ஷ்டம். ஒன்றும் வராத நாளும் நிறைய. வந்த கருவும் வாடகைத் தாயிடம் தங்க வேண்டும், தங்கினதும் பிறக்க வேண்டும். இருபது வயதைத் தொட்ட குதிரை என்றால் எல்லா வரியிலும் இன்னும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். செலவோ ஒவ்வொரு முறையும் ஆயிரக்கணக்கான டாலர். எழுதி முடித்துவிட்டு, "இப்போதும் வேண்டுமா?" என்று கேட்பேன். சிலர் வேண்டாம் என்கிறார்கள். அந்தச் சிலருக்காகவே அந்தத் தாள்.

சொல்ல மறந்தது ஒன்று. வேலை முடிந்ததும் மருந்து முழுதாகத் தெளியும் வரை வாய்க்கு எட்டும் தூரத்தில் புல் இருக்கக்கூடாது. அரைத் தூக்கத்தில் மென்றால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். மூன்று நாள் காலையும் மாலையும் காய்ச்சல் பார்க்கச் சொல்லுங்கள். தீனி எடுக்காமல் வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தால் உடனே கூப்பிடச் சொல்லுங்கள். ஊசி போன வழியில் ரத்தக் கசிவோ சீழோ வயிற்றுறை அழற்சியோ வருவது அபூர்வம்தான், ஆனால் வந்தால் நேரம் தராது.

போன மாதம் வேப்பேரி ஜூனியர் ஒருவன் கேட்டான். "அண்ணா, கிண்டியில் ரேஸ் குதிரைகளுக்கு இதைச் செய்யலாமா?" செய்ய முடியாது. ரேஸ் குதிரைகளான தரோபிரெட் இனத்தின் பதிவேடு உலகம் முழுக்க நேரடிச் சேர்க்கையில் பிறந்த குட்டியை மட்டும்தான் ஏற்கும். சாதாரணச் செயற்கைக் கருவூட்டலுக்கே அங்கே இடமில்லை. மார்வாரி, கத்தியவாரி போன்ற நாட்டுக் குதிரைகளில் வழி இருக்கிறது. 2023-இல் தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்தின் பிகானேர் வளாகத்தில் கருமாற்று முறையில் ஒரு மார்வாரிக் குட்டி பிறந்து, அதற்கு ராஜ்-பிரதமா என்று பெயர் வைத்தார்கள். அது கருப்பையைக் கழுவிக் கருவை எடுத்து மாற்றும் முறை. முட்டை எடுப்பது அதற்கு அடுத்த படி. "முதலில் கருமாற்றத்தில் கை தேறிக்கொள். குதிரைக்குக் கை விடுவதை நூறு முறையாவது ஒரு பெரியவர் பக்கத்தில் நின்று பழகு. ஊசி பிறகு" என்றேன். அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

அந்தக் கிழட்டுப் பெட்டையிடம் இரண்டாம் முறை 5 முட்டை கிடைத்தது, ஒன்றும் கருவாகவில்லை. பெட்டியில் தப்பில்லை, வெப்பப் பதிவு நேர்கோடாக இருந்தது. இதையும் போன் செய்து சொன்னேன். அக்டோபரில் மூன்றாம் முறை 7 முட்டை. நாலு பழுத்தன. எட்டாம் நாள் ஆய்வகத்திலிருந்து, "ஒன்று" என்றார்கள். அதை உறைய வைத்துவிட்டு, மார்ச் மாதம் ஒரு வாடகைத் தாய்க் குதிரையில் மாற்றினோம். இருபத்தைந்தாம் நாள் ஸ்கேனில் துடிப்பு தெரிந்தது. அம்மா திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "எங்கே, எனக்கு ஒன்றும் தெரியவில்லையே" என்றார். பையன் விரலை வைத்துக் காட்டினான்.

குட்டி பிறக்க வேண்டியது வருகிற பிப்ரவரியில். நேற்று இன்னொரு பண்ணையில் பெட்டி கட்டினோம். பையன் மூடியைத் திறந்தபடியே பிடித்துக்கொண்டு நின்றான், நான் வந்து கை விட்டுப் பார்க்கட்டும் என்று.